வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பு: மலையகத்துக்குத் தொழில் வருமா, படப்பிடிப்புக் குழு மட்டும் வந்து போகுமா?

பதுளையான்

இலங்கை அரசு பிற நாடுகளுடன் திரைப்பட, தொலைக்காட்சிக் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டு, புதிய தொழில்நுட்பத்தையும் அவற்றின் வழியாகவே கொண்டுவர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இரண்டு கோடி சொச்சம் மக்கள் வாழும் நாட்டில், அந்தச் சிறிய சந்தையையும் மூன்று மொழிகளாகப் பங்கு போட்டுக்கொண்டு, உள்ளூர் விளம்பரப் பணத்தை மட்டும் நம்பி ஊடகத் தொழில் வளராது. இதற்கு முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 இல் கண்டிக்கு இடம் மாறியது. அந்தக் கட்டளையகப் படையினருக்காக நடத்தப்பட்ட வானொலியின் சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள்தான் போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. கொழும்புத் திட்டம் என்ற பொதுநலவாய நாடுகளின் உதவித் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியர் கிளிஃபர்ட் டொட் வர்த்தக சேவையை நெறிப்படுத்தினார். இந்திய அரசு வானொலி 1952 அளவில் திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, பம்பாயிலும் சென்னையிலும் இருந்தவர்கள் கொழும்பு நிலையத்தைத் தேடித் திருப்பினார்கள். கருவியும் நிபுணரும் விளம்பரமும் வெளியிலிருந்து வந்தாலும், குரல் நம்முடையதாக இருந்தது. அதை இன்று மீண்டும் செய்ய முடியாது என்று யார் சொல்வது?

லிந்துலை வாசகி

நண்பர் பதுளையான் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் கொடுத்த விவித் பாரதி சேவை 1957 இல் தொடங்கியது. 1967 இல் அதிலும் விளம்பரங்கள் அனுமதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு இந்திய வர்த்தகர்கள் கடல் தாண்டி வந்து விளம்பரம் கொடுக்க வேண்டிய அவசியம் குறைந்துபோயிற்று. திரைப்பாடல்களை ஒதுக்கிய பக்கத்து நாட்டு அமைச்சர் ஒருவரின் பிடிவாதத்தால் கிடைத்த சந்தை, அந்தப் பிடிவாதம் தளர்ந்ததும் கைநழுவியது.

மலைநாட்டுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமானால் கித்துல்கலையைப் பாருங்கள். குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957 இல் வெளிவந்த ஆங்கிலப் படத்துக்காக அங்கே களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, காட்சிக்காக அதைத் தகர்த்தார்கள். ஏழு விருதுகளை ஒஸ்காரில் வாங்கிய படம் அது. இத்தனை காலத்துக்குப் பின்னும் கித்துல்கலை படகுச் சவாரிக்குப் பேர்போனதாக இருக்கிறதே தவிர, அங்கே ஒரு படத்தொகுப்புக் கூடமாவது எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பதுளையான்

கித்துல்கலைக்கு வந்தது படப்பிடிப்பு இடம் தேடிய தனியார் நிறுவனம். நான் பேசுவது அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை. அதன்படி எடுக்கப்படும் படம் இரு நாட்டிலும் உள்நாட்டுப் படமாகக் கணிக்கப்படும். ஆகவே இரு நாட்டு மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டுக் கலைஞர் எத்தனை வீதம் என்பதும் முதலிலேயே எழுதப்படும். சிங்களப் பேசும்படம்கூட 1947 இல் தென்னிந்திய ஸ்டூடியோவில்தான் பிறந்தது. அங்கே பழகிய கைகள்தான் பின்னர் இங்கே தொழிலை நடத்தின.

லிந்துலை வாசகி

அந்த ஸ்டூடியோக்களில் தயாரான படங்கள் தென்னிந்தியப் படங்களின் நகல்கள் என்று அக்காலத்து விமர்சகர்களே எழுதினார்கள். 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவை ஸ்டூடியோவை விட்டு வெளியே, நாட்டுப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அந்தச் சினிமாவுக்குச் சொந்த முகம் வந்தது. நீங்கள் காட்டும் சான்று என் பக்கமே பேசுகிறது.

ஹட்டன் கமரா

நான் கல்யாண வீடுகளுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் வீடியோ எடுப்பவன். சொந்தமாக ட்ரோன் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆவணப்படக் குழு ஒன்று எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது என்னை நாட்கூலிக்கு அழைத்தார்கள். ட்ரோனைத் தொட விடவில்லை. மொழிபெயர்ப்பும் சாமான் தூக்குவதும்தான் என் வேலை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியைக் கழற்றச் சொன்னார்கள், சேலையின் நிறம் தெரிய வேண்டுமாம். படங்கு இல்லாமல் செடிக்குள் இறங்கினால் கிளைகள் சேலையையும் தோலையும் கிழித்துவிடும் என்று நான் சொன்னதை அந்த இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்டார், பிறகு கழற்றத்தான் வைத்தார். படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலில் தோட்ட முகாமையாளரின் பெயர் இருந்தது. என் பெயரும் இல்லை, அந்தப் பெண்கள் ஒருவரின் பெயரும் இல்லை.

இருந்தும் நான் பதுளையான் அண்ணன் பக்கம்தான் நிற்கிறேன். அந்த ஒரு நாளில் ஒலிப்பதிவாளர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்ததை எனக்கு இங்கே யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வரட்டும், ஆனால் என்னை எழுத்தில் அமர்த்தட்டும்.

அலைவரிசை

தொழில்நுட்பம் என்று பேசுகிறவர்கள் கமராவோடு நின்றுவிடுகிறார்கள். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் ஜப்பானிய நன்கொடையில் வந்தது. அதன் ஒளிபரப்பு பீதுருதாலகாலை உச்சியிலிருந்து பரவியது. மலை உச்சியில் கோபுரம் இருந்தும் மலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்து லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், படம் இரட்டையாகத் தெரிந்ததை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மலையில் பட்டுத் திரும்பும் அலைகளால் வரும் இந்தக் கோளாறைச் சமாளிக்கும்படிதான் ஜப்பானிய எண்முறை (டிஜிட்டல்) ஒளிபரப்புத் தரம் அமைந்திருக்கிறது. இலங்கை 2014 இல் அதைத் தெரிவு செய்தது, அதே ஆண்டு செப்டெம்பரில் கடன் உடன்படிக்கையும் கைச்சாத்தானது, ஆட்சிகள் மாறின, திட்டம் இழுபட்டது.

அந்தத் தரத்தில் அவசர எச்சரிக்கை வசதியும் உண்டு. அதற்கென அமைந்த தொலைக்காட்சிப் பெட்டியை, அணைந்திருந்தாலும் நிலையத்திலிருந்தே தட்டியெழுப்ப முடியும். கைச்சாத்தான அடுத்த மாதம், ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. புதிய ஒளிபரப்பு இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும் என்று நான் வாதிட மாட்டேன், ஏனெனில் எச்சரிக்கை கிடைப்பதும் மக்கள் போக ஓர் இடம் இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். ஆனால் ஊடகத் தொழில் என்றாலே நாடகமும் சினிமாவும் என்று நினைக்கும் பழக்கம் மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கொத்மலைக்காரர்

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் ஒரு விடயத்தை நினைவூட்டுகிறேன். கொத்மலைச் சமூக வானொலி 1989 இல் தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விளங்காததைத் துறை தெரிந்தவரிடம் கேட்டு, வானலையில் விளக்குவார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் நேரில் வந்து இணையம் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். உரிமம் மட்டும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே இருந்தது. என்ன பேசுவது, எத்தனை மணி நேரம் தமிழில் பேசுவது என்பதை நேயர்கள் தீர்மானிக்கவில்லை. வெளிநாட்டவர் செய்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது. கூட்டாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பேசுவது கொழும்போடுதான்.

பதுளையான்

சேர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அது கொழும்பைத் திருத்துவதற்கான வாதம். கூட்டுத் தயாரிப்பை மறுப்பதற்கான வாதமாகாது. தென்கொரியா தன் திரையரங்குகளில் ஆண்டுக்கு 146 நாட்கள் உள்நாட்டுப் படம் காட்ட வேண்டும் என்ற விதியை 2006 இல் 73 நாட்களாகக் குறைத்தது. அதற்குப் பிறகும் அத்தொழில் படுத்துவிடவில்லை.

லிந்துலை வாசகி

பாதியாகக் குறைத்தார்கள், நீக்கவில்லை. அதுவும் பல பத்தாண்டுகள் அந்த விதியின் நிழலில் தொழில் வேர்பிடித்த பிறகு. இங்கே லயக் கூரைகளில் வரிசையாக நிற்கும் டிஷ்கள் சென்னைத் தொடர்களைக் கொண்டுவருகின்றன. இனிக் கணினியே குரல் கொடுத்துத் துருக்கித் தொடரையும் தமிழில் பேச வைக்கும். அந்த வெள்ளத்துக்கு நடுவே நமக்கென்று எந்த விதியும் இல்லாமல் கதவை இன்னும் அகலத் திறக்கச் சொல்கிறீர்கள்.

நான் கேட்பவை இரண்டு. மலையகத்தில் எடுக்கப்படும் எந்தக் கூட்டுத் தயாரிப்பும் வெட்டாத மூலப் பதிவின் ஒரு பிரதியை இங்குள்ள பொது நூலகத்தில் வைக்க வேண்டும். நம் தோட்டங்களின் நாட்டார் கூத்தான காமன் கூத்தைப் பார்க்க நம் பிள்ளைகள் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் நிலை வரக் கூடாது. இரண்டாவது, தொழில்நுட்பக் கலைஞர்களில் ஒரு பங்கினர் மலையகத் தமிழராக இருக்க வேண்டும்.

பதுளையான்

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் இனத்தைக் குறித்தால் எந்தத் தயாரிப்பாளரும் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். நுவரெலியா, பதுளை மாவட்டவாசிகள் என்று எழுதுங்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

லிந்துலை வாசகி

ஒன்றல்ல. கொழும்பு நிறுவனம் நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் முகவரியில் கிளை பதிந்துவிட்டு, தன் ஆட்களையே மாவட்டவாசிகளாகக் காட்டும். வதிவிடம்தான் அளவுகோல் என்றால், அந்த நபருக்கு அந்த மாவட்டத்தில் குறைந்தது ஓராண்டு ஊழியர் சேமலாப நிதி செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹட்டன் கமரா

அக்கா, அப்படி எழுதினால் முதலில் தகுதி இழப்பவன் நான்தான். எனக்குச் சேமலாப நிதி கட்ட யார் இருக்கிறார்கள்? பிரதேச சபையில் வியாபார உரிமம் வைத்திருப்பவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.