கடைசிப் பக்கத்தை அழுத்தினால் மட்டும் திணறுகிறது: லிமிட், ஆஃப்செட்டுக்கு மாற்று உண்டா?

கேள்வி

மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ், அதில் தரவைச் சேமிக்கும் எஞ்சின் இன்னோடிபி. பரிவர்த்தனை டேபிளில் சுமார் 30 லட்சம் பதிவுகள். பக்கத்துக்கு 20 வீதம், புதியது மேலே வரும்படி காட்டுகிறேன். கீழே 1, 2, 3 என்று கடைசிப் பக்கம் வரை எண்கள். குவரியில் விசேஷம் ஒன்றும் இல்லை: தேதிப்படி இறங்குவரிசை, லிமிட் (எத்தனை பதிவுகள் எடுப்பது) 20, பக்க எண்ணிலிருந்து கணக்கிட்ட ஆஃப்செட் (முதலில் எத்தனை பதிவுகளைத் தாண்டுவது).

முதல் சில பக்கங்கள் உடனே வந்துவிடுகின்றன. நடுவில் எங்காவது அழுத்தினால் யோசிக்கிறது. கடைசிப் பக்கம் என்றால் பல விநாடிகள் ஆகின்றன. தேதிக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று, முதல் பக்கத்தில் பார்த்த பதிவே சில சமயம் இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டுகிறது. இரண்டும் ஒரே சிக்கலா? சர்வரில் மெமரியைக் கூட்டினால் தீருமா?

பதில் 1

மெமரியைக் கூட்டினால் சிக்கல் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

உங்கள் கடைசிப் பக்கத்துக்கு ஆஃப்செட் 29,99,980. டேட்டாபேஸ் அந்த இடத்துக்கு நேரே தாவிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாவாது. அத்தனை பதிவுகளையும் வரிசையாகக் கடந்து, வீசி எறிந்துவிட்டு, மிச்சமுள்ள 20-ஐ உங்கள் கையில் கொடுக்கும். இண்டெக்ஸ் ஒரு மதிப்பைத் தேடிப் போகத்தான் உதவும். 'இத்தனையாவது பதிவு எது' என்று கேட்டால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் இன்னோடிபி இண்டெக்ஸை வைத்திருக்கும் பி-ட்ரீ என்ற மர அமைப்பில் எந்தக் கிளையின் கீழ் எத்தனை பதிவுகள் என்ற கணக்கே வைக்கப்படுவதில்லை. ஆஃப்செட் பெரிதாகப் பெரிதாக குவரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் ஆப்டிமைசர் உங்கள் இண்டெக்ஸைக் கைவிட்டு, முழு டேபிளையும் படித்து ஃபைல்சார்ட் (தனியாக வரிசைப்படுத்தல்) செய்யவும் கூடும். குவரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பாருங்கள், எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும்.

ஆகவே பக்க எண்ணை விட்டுவிட்டு, கடைசியாகக் காட்டிய பதிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீசெட் முறை என்பார்கள். அந்தப் பதிவின் தேதியும் ஐடியும் 'அடுத்து' இணைப்பிலேயே போகட்டும். குவரியின் வேர் (WHERE) நிபந்தனை இப்படி: தேதி அதைவிடக் குறைவு, அல்லது தேதி அதேதான் ஆனால் ஐடி குறைவு. ஆர்டர் பை (ORDER BY) பகுதியிலும் தேதி, ஐடி இரண்டும் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். லிமிட்டை 21 ஆக வையுங்கள். 21-வது பதிவு வந்தால் அடுத்த பக்கம் உண்டு என்று பொருள், அதைத் திரையில் காட்ட வேண்டாம். இப்படிச் செய்தால் எவ்வளவு ஆழம் போனாலும் இண்டெக்ஸ் வழியாக நேரே அந்த இடத்தில் இறங்கி 21 பதிவுகளைப் படிப்பதோடு வேலை முடிந்தது. ஐடி பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) என்றால் புது இண்டெக்ஸ்கூடத் தேவையில்லை. இன்னோடிபியில் தேதி இண்டெக்ஸின் வாலில் பிரைமரி கீ தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதிவு இரண்டு தடவை வருவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நீங்கள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே புதுப் பதிவு நுழைந்து எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளுகிறது. மற்றது, ஒரே தேதியில் பல பதிவுகள் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஐடியைச் சேர்த்தால் இரண்டாவது போய்விடும். கீசெட்டுக்கு மாறினால் முதலாவதும் போகும்.

கேட்டவர்

புரிகிறது, நன்றி. ஆனால் பக்க எண்கள் கட்டாயம் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். கடைசிப் பக்கத்துக்கு அடிக்கடி போவாராம்.

பதில் 1

எதற்குப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். மிகப் பழைய பதிவைப் பார்க்கத்தான் இருக்கும். அதற்கு 'பழையது முதலில்' என்று ஒரு பொத்தான் போதும். ஆர்டரைத் திருப்பினால் கடைசிப் பக்கமே முதல் பக்கம் ஆகிவிடும். நடுவில் குதிக்க வேண்டுமென்றால் தேதி கேட்டு வாங்குங்கள். 83,412-ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தேதி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பதில் 2

எண்கள் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சமாளிப்பு உண்டு. முதலில் ஐடிகளை மட்டும் ஆஃப்செட்டோடு எடுங்கள், பிறகு அந்த 20 ஐடிகளை அதே டேபிளோடு ஜாயின் செய்யுங்கள். தாண்டிப்போகும் வேலை இண்டெக்ஸுக்குள்ளேயே முடிந்துவிடும், முழுப் பதிவுகளைத் தொட வேண்டியதில்லை. ஆழம் கூடக் கூட இதுவும் மெதுவாகத்தான் ஆகும், ஆனால் இப்போதைய நிலைமைக்குப் பரவாயில்லை.

மொத்தப் பக்க எண்ணிக்கைக்காக ஒவ்வொரு தடவையும் கவுன்ட் குவரி ஓட்டுகிறீர்களா? அதையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய எஞ்சினான மைஐசாம் மொத்த எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்கும், இன்னோடிபி வைத்திருக்காது. ஒவ்வொரு தடவையும் எண்ணியே சொல்லும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் எஞ்சின் வழக்கமான அமைப்பில் 10,000 முடிவுகளுக்கு மேல் இப்படிப் புரட்டவே விடாது. நீங்களும் அப்படி ஓர் எல்லை வைத்து, அதற்கு மேல் தேடலைக் குறுக்கச் சொல்லலாம்.

பதில் 3

மேலே சொன்ன நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் தேதி, ஐடி என்று ஜோடியாகப் போட்டு ஒப்பிடலாமே என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் அது இண்டெக்ஸோடு அருமையாக ஓடும். மைஎஸ்கியூஎல்லில் விடை சரியாக வரும், ஆனால் ரேஞ்ச் ஸ்கேன் (இண்டெக்ஸில் தேவையான பகுதியை மட்டும் படிப்பது) கிடைக்காது. பிரித்தே எழுதுங்கள். 'தேதி இதற்குச் சமம் அல்லது குறைவு' என்பதை முதலில் வைத்து, அதோடு 'தேதி குறைவு அல்லது ஐடி குறைவு' என்று சேர்த்தால் நல்லது.

தேதியில் மைக்ரோவிநாடி வைத்திருக்கிறீர்களா? ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிவிநாடியோடு நின்றுவிடும். அதன் வழியாகப் போய்த் திரும்பிய தேதியை வைத்து ஒப்பிட்டால் நடுவில் சில பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். எரர் எதுவும் வராது. தேதியைச் சரமாகவே (வெறும் எழுத்துகளாக) அனுப்பி, சரமாகவே திரும்ப வாங்குங்கள். அப்புறம், தேதி காலியாக (NULL) இருக்கும் பதிவுகள் இந்த ஒப்பீட்டில் சிக்கவே சிக்காது, அந்த ஃபீல்டை நாட் நல் (NOT NULL) ஆக்கிவிடுங்கள்.

கேட்டவர்

'பழையது முதலில்' பொத்தானுக்கு வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டார். இப்போது 'முந்தைய பக்கம்' பொத்தான் மட்டும்தான் இடிக்கிறது.

பதில் 1

திரையில் முதலில் இருக்கும் பதிவை எடுத்து, ஒப்பீட்டையும் ஆர்டரையும் தலைகீழாக்குங்கள். ஏறுவரிசையில் 21 எடுத்து, 21-வது வந்தால் அதை விட்டுவிட்டு, மீதியைப் பிஎச்பியோ எதுவோ உங்கள் கோடிலேயே திருப்பிக் காட்டுங்கள். ஆர்டரைத் திருப்பாமல் ஒப்பீட்டை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முதல் பக்கமே வந்து நிற்கும்.