“925” என்று பொறித்த மலிவுத் தோடுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

மழைத்துளி (ஹரோ, இலண்டன்)

வணக்கம். மகளின் சாமத்திய வீட்டுக்கு வரும் அவளுடைய தோழிகளுக்குக் கொடுப்பதற்காக, சீனாவிலிருந்து அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் இணையத்தில் 25 சோடித் தோடு வாங்கினேன். சோடி ஒன்று 2 பவுண் 80 பென்ஸ். விளம்பரத்தில் “925 வெள்ளி” என்று எழுதியிருந்தது. பொதியைப் பிரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு தண்டிலும் அந்த எண் பொறித்திருந்ததால் நானும் ஐயப்படவில்லை. மகள் ஆசைப்பட்டு ஒரு சோடியை அணிந்தாள். மூன்றாம் நாள் காதுச் சோணை சிவந்து தடித்து, நீர் கசியத் தொடங்கிவிட்டது. கழற்றிய பின்னர் வீக்கம் குறைந்து வருகிறது.

இவை வெள்ளிதானா, மற்ற 24 சோடியையும் கொடுக்கலாமா, பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டா என்று விபரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். திருப்பி அனுப்பும் செலவை நானே ஏற்கவேண்டும் என்கிறார் விற்பனையாளர். அது நான் கொடுத்த தொகையை நெருங்கிவிடுகிறது. விழாவுக்கு இன்னும் மூன்று வாரமே உள்ளது.

பொன்தராசு (வெம்பிளி)

வணக்கம் தங்கச்சி. நான் நகைத்தொழிலில் இருப்பவன். 925 என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற பொருளைத் தரும் எண்தான். ஆனால் அந்த எண்ணைப் பொறித்தவர் யார் என்பதுதான் கேள்வி. பொறிக்கும் அச்சு எவருக்கும் கிடைக்கும், பித்தளையிலும் அது அழகாகவே விழும். இந்த நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுமையான ஹால்மார்க் (தர முத்திரை) என்றால், பொருளைச் சமர்ப்பித்தவரின் முத்திரை, தர எண், பரிசோதித்த நிலையத்தின் சின்னம் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். நிலையங்கள் நான்கே: இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோசா, எடின்பரோவுக்குக் கோட்டை.

இங்கே ஒரு சந்து இருக்கிறது. வெள்ளியில் 7.78 கிராமுக்கும் தங்கத்தில் 1 கிராமுக்கும் குறைந்த பொருள்களுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. சின்னத் தோடுகள் எல்லாம் அந்தச் சந்துக்குள்ளே அடங்கிவிடுகின்றன. ஆகவே முத்திரை இல்லை என்பதால் மட்டும் உங்கள் தோட்டைப் போலி என்று சொல்லிவிட முடியாது; எண் இருக்கிறது என்பதால் வெள்ளி என்றும் சொல்ல முடியாது.

ஒரு சோடியை நிறுத்து, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். உலோகத்தின் விலையே நீங்கள் கொடுத்த தொகையைத் தொட்டுவிட்டால், கூலியும் தபாற்செலவும் இலாபமும் எங்கிருந்து வந்தன? பிறகு ஒன்றைப் பலி கொடுக்கத் துணிந்து, தண்டை அரத்தால் ஆழமாக ராவுங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சிவந்தால் செம்பு. வெள்ளையாகவே இருந்தாலும் முடிவுக்கு வந்துவிடவேண்டாம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த “ஜெர்மன் சில்வர்” பெயரில் மட்டுமே வெள்ளியைக் கொண்டது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பித்தளையையும் காந்தம் இழுக்காது என்பதால் அதனால் பெரிய பயனில்லை.

கவரிங் நகையை நான் குறைத்துப் பேசவில்லை. சிதம்பரத்துக் கவரிங்கைக் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

வடலி (லெஸ்டர்)

தோல்நோய்ப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். மகளை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. என்றாலும் நீங்கள் விவரிப்பது நிக்கல் ஒவ்வாமையைப் போலவே இருக்கிறது. மலிவான நகைகளில் வெள்ளி முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு. மேல்முலாம் தேய்ந்ததும் வியர்வை நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுசேர்க்கிறது. துளையிட்ட காதில் செருகும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது என்று இங்குள்ள சட்டம் வரம்பிட்டிருக்கிறது; எங்கிருந்தோ நேரே வீட்டுக்கு வரும் சிறு பொதியை அப்படி யார் சோதிக்கிறார்கள்?

நிக்கலைக் கண்டறியும் சோதனைத் திரவம் இணையத்தில் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தோட்டின்மேல் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் வெளிவருகிறது. முலாம் தேயாத புதுத் தோட்டில் நிறம் மாறாமல் போகலாம், ஆதலால் மகள் அணிந்த சோடியிலும் ராவிய தண்டிலும் சோதியுங்கள்.

ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். பின்னாளில் ஜீன்ஸ் பொத்தான் பட்டாலும் வயிற்றில் தடிக்கும். தயவுசெய்து அந்த 24 சோடியையும் எந்தப் பிள்ளையின் காதிலும் ஏற விடாதீர்கள். நீர் கசிவது நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணக்கன் (க்ரொய்டன்)

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடனட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேற்பட்ட விலையுள்ள பொருளுக்கே பொருந்தும். உங்கள் மொத்தக் கணக்கே 70 பவுண்தான். ஆனால் “சார்ஜ்பேக்” என்ற முறையில், விவரித்தபடி பொருள் இல்லை என்று வங்கியிடம் கோரலாம். இதற்கு டெபிட் அட்டையும் போதும். பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. முதலில் நீங்கள் வாங்கிய தளத்திலேயே முறைப்பாட்டைப் பதியுங்கள். விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், ஏனெனில் முறைப்பாடு போனதும் அந்தப் பக்கம் காணாமற்போவது வழக்கம்.

மழைத்துளி

அனைவருக்கும் நன்றி. பொன்தராசு அண்ணா சொன்னபடி ஒன்றை ராவினேன். முலாம் உரிந்ததும் மஞ்சள் தெரிந்தது. மகள் அணிந்த சோடியில் தேய்த்த பஞ்சு இரண்டு நிமிடத்துக்குள் சிவந்தது. இரண்டு படங்களையும் விளம்பரப் படத்தோடு சேர்த்துத் தளத்துக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று கூறி முழுத் தொகையையும் தந்துவிட்டார்கள். தோழிகளுக்குக் கண்ணாடி வளையல் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். காது ஆறியபின் மகளுக்கு அம்மம்மாவின் 22 கரட் தோட்டைப் போடலாமா, வடலி அக்கா?

வடலி

போடலாம். 22 கரட் மஞ்சள் தங்கத்தில் வழக்கமாகச் செம்பும் வெள்ளியுமே கலக்கப்படுகின்றன. நிக்கல் கலந்திருக்கக்கூடியது வெள்ளைத் தங்கத்தில்தான். தோட்டின் பின்புறச் சுரையைப் பின்னாளில் மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; தோடு தங்கமாக இருந்து, சுரை வேறு உலோகமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.