அவுரி போட்டும் நரை செம்பட்டையாவே நிக்குது, எங்க தப்பு?

கொத்தமங்கலம்மீனா:
அம்மாவுக்கு 62 வயசு, முக்கால்வாசி நரை, தோள் வரைக்கும் முடி. பாக்கெட் டை போட்டா காதோரம் அரிச்சு, இமை வீங்குது. அதனால காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் (நீலச் சாயம் தர்ற இண்டிகோ இலை) வாங்கி, எலுமிச்சம் சாறு விட்டு ஒண்ணா ராத்திரி ஊற வச்சுப் போட்டோம். கருக்கவே இல்ல. 'கருப்பு மருதாணி'ன்னு ஒண்ணு விக்கிறாங்களே, அது ஆகுமா?

பள்ளத்தூர்ஆச்சி:
கருப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். மருதாணி இலையில உள்ள லாசோன்ங்கிற சாயம் செம்பழுப்புதான் தரும். ஒரு மணி நேரத்துல கருக்குதுன்னா பெரும்பாலும் உள்ள பிபிடிங்கிற ரசாயனச் சாயம் கலந்திருக்கு. சாதாரண டையிலயும் அரிப்பைக் கிளப்புறது அநேகமா அதுதான். ஒரு தடவை ஒத்துக்காம போனா அடுத்த தடவை இன்னும் மோசமாகும். இமை வீங்கின விஷயத்தைத் தோல் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

சுத்தமான பொடின்னாலும், தலைத்தோல் முழுசா ஆறின பிறகு முழங்கை மடிப்புல காசு அளவு தடவி 48 மணி நேரம் பாருங்க. மருதாணிக்குத் தனியா, அவுரிக்குத் தனியா.

அவுரிச்செடி:
தப்பு அந்த ராத்திரி ஊறல்லதான். மருதாணிக்குப் புளிப்பும் நேரமும் வேணும், அவுரிக்கு இரண்டுமே ஆகாது. கரைச்ச அவுரியில காத்துப் பட்டதும் சாயம் நீலமா மாறும். நீலமானது தண்ணியில கரையாது, அப்புறம் முடிக்குள்ள இறங்காது. விடியறதுக்குள்ள உங்க சாயம் கிண்ணத்துலயே முடிஞ்சுபோச்சு.

முதல்ல சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துடுங்க. எண்ணெய்த் தலையில சாயம் ஏறாது. மருதாணி 100 கிராம், இரண்டு ஸ்பூன் எலுமிச்சம் சாறு, மிச்சம் வெதுவெதுப்பான தண்ணி. நம்ம ஊர் வெயிலுக்கு 5 மணி நேரம் ஊறினா போதும். 2 மணி நேரம் தலையில வச்சு, வெறும் தண்ணியில அலசுங்க. முடி ஆரஞ்சாத் தெரியும், பயப்படாதீங்க. அந்த அடிச்சாயம் இல்லாம வெறும் நரையில அவுரி சரியாப் பிடிக்காது.

அலசின கையோட அவுரி 100 கிராம், சிட்டிகை உப்பு, கைபொறுக்கிற சூட்டுத் தண்ணி விட்டுத் தயிர்ப் பதமாக் கரைங்க. தயிரே ஊத்திடாதீங்க! கொதிக்கிற தண்ணியும் கூடாது. 10, 15 நிமிஷத்துல மேல நீல ஏடு படரும், சாயம் வெளிய வர ஆரம்பிச்சதுக்கு அதுதான் அடையாளம். படரலன்னா பொடி பழசு, கடையில திருப்பிக் கொடுங்க. ஏடு கண்டதும் தடவி ஒன்றரை மணி நேரம் வைங்க.

கொத்தமங்கலம்மீனா:
கழுவினதும் பச்சையா இருந்தா?

அவுரிச்செடி:
இருக்கும். 2 நாள்ல கருக்கும், அதுவரை ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம்.

கானாடுகாத்தான்காரர்:
இரும்புச் சட்டியில ஊற வைக்கணும்னு சொல்வாங்க. அவுரி போடுறப்போ அது தேவையில்ல, முடிதான் வறளும். கரிசலாங்கண்ணி எண்ணெய் தலைக்கு நல்லது, ஆனா வந்த நரை அதுல கருக்காது.

இன்னொண்ணு மீனா, முற்றத்துல உட்கார்ந்து பூசினா ஆத்தங்குடிக் கல்லு மேல பழைய சாக்கை விரிச்சுக்கோங்க. சிமெண்டுக் கல்லு, உறிஞ்சிக்கும். தலையில நிக்காத சாயம் தரையில நல்லாவே நிக்கும்.