அரை மாரத்தான் முடிந்த வாரம், முழங்கால் வலி: ஓடலாமா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். ஞாயிறு அன்று முதல் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர், ஓடி முடித்தாச்சு. நேரத்தைக் கேட்காதீங்க.

செவ்வாய்க்கிழமைதான் தொடை நன்றாகப் பிடித்துக்கொண்டது, மாடிப்படி ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் காலை வைக்க வேண்டியிருந்தது. அது தசைவலி, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கூடி அப்புறம் தானே இறங்கும் என்று தெரியும், இப்போது போயும்விட்டது.

குழப்பம் வேறு. இடது முழங்காலின் வெளிப்பக்கம், ஒரே இடத்தில் சுருக்கென்கிறது. நடந்தால் ஒன்றுமில்லை, நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் மெதுவாக ஓடிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது, நின்றால் போய்விடுகிறது.

கூட ஓடுகிற பையன்கள் சனிக்கிழமை சொத்தவிளை கடற்கரைக்கு ஓடக் கூப்பிடுகிறார்கள், மணல் காலுக்கு மெத்தென்று இருக்குமாம். கடலோரம் சரிவாயிற்றே, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஓடினால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? வீட்டிலோ வர்ம ஆசானிடம், அதாவது வர்ம வைத்தியரிடம், போய்த் தடவிவிட்டுக்கொண்டு வா என்று நச்சரிப்பு. நம்ம ஊரில் எல்லா வலிக்கும் முதலில் சொல்வது அதுதானே.

இந்த மாதிரி வலி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க: முழு ஓய்வு எடுத்தீங்களா, இல்லை நடையும் நீச்சலுமாக ஓட்டினீங்களா? நாகர்கோவில், தக்கலை பக்கம் ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் இருந்தாலும் சொல்லுங்க, சனிக்கிழமைக்கு முன்னாடி போய்க் காட்டிவிடலாம்.