எதிர்ப்பில்லாத 3டி7-இலும் ரிங் உயிர்பிழைப்பு 6% வருகிறது, மருந்துக் கரைசல் கெட்டுவிட்டதா?

கேள்வி:
ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியில் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கான எதிர்ப்பைச் சோதிக்கிறோம். ஒரு வளர்ப்பில் இந்த எதிர்ப்பைத் தரும் சி580ஒய் மாற்றம் (கெல்ச்13 மரபணுவில்) உறுதியாகியிருக்கிறது. ஆனால் சைபர் கிரீன் என்ற டி.என்.ஏ. சாயத்தால் வளர்ச்சியை அளக்கும் 72 மணி நேரச் சோதனையில், டைஹைட்ரோஆர்ட்டிமிசினினின் (ஆர்ட்டிமிசினின் வகை மருந்து) ஐசி50 மதிப்பு, அதாவது வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு, எதிர்ப்பில்லாத ஆய்வக வகையான 3டி7-க்கு வருவது போலவே சில நானோமோலார்தான். சரி என்று, இளம் பருவமான ரிங் நிலையில் எத்தனை ஒட்டுண்ணி மருந்தைத் தாண்டிப் பிழைக்கிறது என்று பார்க்கும் ரிங் உயிர்பிழைப்புச் சோதனைக்குப் போனால் சி580ஒய்-இல் 19%, 3டி7-இல் 6%. 3டி7 1%-க்குக் கீழே வர வேண்டுமே? 5% சார்பிட்டால் கொடுத்த வளர்ப்பை 700 நானோமோலாரில் 6 மணி நேரம் வைத்து, கழுவி, 72-ஆவது மணியில் கீம்சா சாயமிட்ட ஸ்மியரை நுண்ணோக்கியில் பார்த்தோம். மருந்துக் கரைசல் கெட்டிருக்குமோ?

பதில் 1:
ஐசி50 பற்றிக் கவலை வேண்டாம். இந்த எதிர்ப்பு இளம் ரிங்குகளில்தான் தெரியும். 72 மணி நேரமும் மருந்து கூடவே இருந்தால், ரிங்குக்கு அடுத்த நிலையான ட்ரோஃபோசோயிட் ஆனதும் எல்லாமே மாட்டிக்கொள்ளும். குளோரோகுயின் என்றால் ஐசி50 வித்தியாசத்தைப் பளிச்சென்று காட்டியிருக்கும். இங்கே 6 மணி நேரச் சோதனைதான் கணக்கு.

பதில் 2:
டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் சீக்கிரம் சிதையும், உண்மைதான். அதனால் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்து, ஒரு முறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் இங்கே குற்றவாளி அதுவல்ல. கரைசலில் பாதி செத்திருந்தாலும் 350 நானோமோலார் மிச்சம் இருக்கும். ஐசி50-ஐப் போலப் பல மடங்கு. அதே கரைசலை ஐசி50-க்கும் எடுத்திருந்தால் அந்த எண்ணும் ஏறியிருக்கும்.

எனக்குச் சந்தேகம் வயதின் மேல். சார்பிட்டால் மட்டும் கொடுத்தால் முதிர்ந்தவைதான் சாகும். அப்போதுதான் நுழைந்த ரிங்கும் பதினைந்து மணி நேர ரிங்கும் சேர்ந்தே நிற்கும். 3டி7-இல் மிக இளம் ரிங் மருந்துக்கு எளிதில் சாகும், நடுவயது ரிங் கொஞ்சம் தாங்கும். சோதனைக்கு வேண்டியது 0 முதல் 3 மணி நேர ரிங்குகள். பெர்காலில் (அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் கரைசல்) சைசாண்ட்டுகளை, அதாவது வெடிக்கப்போகும் முதிர்ந்த ஒட்டுண்ணிகளை, பிரித்து, புதுச் சிவப்பணுவோடு 3 மணி நேரம் விட்டு, அதன்பின் சார்பிட்டால் கொடுங்கள்.

கேட்டவர்:
பெர்கால் செய்யவில்லை. கரைசல் இரண்டுக்கும் ஒன்றேதான். ஸ்மியரில் கருத்த புள்ளிகள் நிறைய இருந்தன, அவற்றையும் எண்ணினோம்.

பதில் 1:
அட, அங்கேயும் ஒரு பங்கு போயிருக்கிறது! சுருங்கி, சைட்டோபிளாசம் இல்லாமல் கருத்துப்போனவை செத்தவை. உருவம் சரியாக உள்ள அடுத்த தலைமுறை ரிங்குகளையும் ட்ரோஃபோசோயிட்டுகளையும் மட்டும் எண்ணுங்கள். ஒரு ஸ்லைடில் 10,000 சிவப்பணு, இருவர் தனித்தனியாக, எது எந்த வளர்ப்பு என்று தெரியாமல். மருந்து பட்ட வளர்ப்பின் சதவீதத்தை மருந்தில்லாமல் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. மட்டும் பட்ட வளர்ப்பின் சதவீதத்தால் வகுக்க வேண்டும்.

பதில் 3:
செல்களைத் தானாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

பதில் 2:
டி.என்.ஏ. சாயம் மட்டும் போட்டால் அதுவும் செத்ததை எண்ணிவிடும். மைட்டோட்ராக்கர் மாதிரி உயிருள்ளதைக் காட்டும் சாயமும் சேர வேண்டும்.

கேட்டவர்:
பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எண்ணினோம். 3டி7 6%-லிருந்து 2%-க்கு இறங்கிவிட்டது, சி580ஒய் 14%. இதை அறிக்கையில் போடலாமா?

பதில் 2:
வேண்டாம். 3டி7 இன்னும் 1%-க்கு மேலேதான் நிற்கிறது. பெர்காலால் ரிங்குகளை ஒரே வயதுக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒரே நாளில் மறுபடி ஓட்டுங்கள், 14% அப்புறம் பார்க்கலாம்.