டிரைவ் ஓவர் கரண்ட் டிரிப்: கரண்ட் சென்சார்தானா?

வணக்கம் நண்பர்களே. ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கு 15 கிலோவாட் மோட்டார், 415 வோல்ட் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி). மூன்று நாளாக, ஸ்டார்ட் கொடுத்து 18 ஹெர்ட்ஸ் தாண்டியதும் ஓவர் கரண்ட் டிரிப், அதாவது கரண்ட் அதிகம் என்று டிரைவ் நின்றுவிடுகிறது.

கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தேன். 100 மெகா ஓமுக்கு மேல். வைண்டிங் மூன்றும் சமம். டயோடு டெஸ்டில் உள்ளே, வெளியே எல்லா டெர்மினலிலும் 0.4 வோல்ட் பக்கம். டிரைவுக்குள் இருக்கும் டிசி பஸ் 580 வோல்ட். ஆக்சிலரேஷன் நேரத்தை 10 விநாடியிலிருந்து 40 ஆக்கியும் பலனில்லை. மோட்டாரை நேரடி லைனில் ஓட்டினால் 22 ஆம்பியர்தான், சத்தம்கூட இல்லை.

அப்புறம் ஒன்று. டிரைவை மோட்டார் கேபிள் இல்லாமல் ஓட்டும்போதும் டிஸ்ப்ளே 3 ஆம்பியர் காட்டுகிறது! கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம். எனக்குக் கரண்ட் சென்சார் மேல்தான் சந்தேகம். சூப்பர்வைசரோ ஐஜிபிடி (டிரைவுக்குள் இருக்கும் பவர் ஸ்விட்ச்) போய்விட்டது, புது டிரைவ் வாங்கலாம் என்கிறார்.

இந்தக் கரண்ட் சென்சாரை (ஹால் சென்சார்) மட்டும் தனியாகச் சோதிக்க வழி உண்டா? அதை மட்டும் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா, இல்லை போர்டோடு மாற்ற வேண்டுமா? என்னிடம் ஆசிலோஸ்கோப் கிடையாது. சனிக்கிழமை ஷட்டவுன், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.