மறு: ‘போச்டு எக்’ தமிழில் என்ன? – பொதிமுட்டை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

‘போச்டு எக்’, அதாவது ஓட்டை உடைத்து வெந்நீரில் ஊற்றி வேகவைக்கும் முட்டைக்கு, உணவகப் பட்டியலில் போடத் தமிழ்ச்சொல் கேட்டு நான்கு நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். அதற்கு முன்னால் மூன்று நாள் அடுப்படியில் அந்த முட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செய்து பார்க்காத பண்டத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

மகள் குடும்பம் சிட்னியில் இருக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்தி இரண்டாம் நாள் காலையிலேயே, “ஆயா, அவகாடோ டோஸ்ட் வேணும், மேலே போச்டு எக் வச்சு” என்றாள். அந்த ஊரில்தான் 1993இல் பில் கிரேஞ்சர் என்ற சமையல்காரர் தம் உணவகப் பட்டியலில் அவகாடோ டோஸ்டைச் சேர்த்தாராம். அவளுக்கு அது நமக்கு இட்லி மாதிரி. சரி, செய்வோம் என்று இறங்கினேன்.

அவகாடோ பழத்தில் சிக்கல் இல்லை. காரைக்குடிப் பழக்கடைகளில் ‘பட்டர் ஃப்ரூட்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, தடியன்குடிசைப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்குள் விளைவதுதான். மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கல் மாதிரி இருந்ததை அரிசிப் பானைக்குள் ஒரு வாழைப்பழத்தோடு புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் காம்படியில் விரல் வைத்தால் அமுங்கியது. ‘வெண்ணெய்ப்பழம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டாம். நம் ஊரார் பிழைக்கப் போன பர்மாவிலும் அதை வெண்ணெய்ப் பழம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஈழத்தில் ஆனைக்கொய்யா என்று அழகாக ஒரு பெயர் வழங்குகிறது, அதையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அதை மசித்து, எலுமிச்சை பிழிந்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்தால் அது மசியல். கீரை மசியலுக்கு உள்ள சொல்லே போதும். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை, மசியல் கறுத்துப்போகாமலும் காக்கும். டோஸ்டுக்கு ‘வாட்டிய ரொட்டி’ என்றே நான் எழுதுவேன். வாழையிலையை வாட்டுகிறோம், வெற்றிலையை வாட்டுகிறோம், தோசைக்கல்லில் ரொட்டியையும் வாட்டத்தானே செய்கிறோம். இழையில் யாரோ கேட்டிருந்த ‘சுட்ட ரொட்டி’ வேண்டாம். ரொட்டி என்றாலே சுட்டதுதான்.

ஆக, பெயர் இல்லாமல் நிற்பது முட்டை ஒன்றுதான்.

முதல் நாள் கடையில் வாங்கி ஒரு வாரமான நாமக்கல் முட்டை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உயரத்திலிருந்து உடைத்து ஊற்றினேன். வெண்கரு நாலா பக்கமும் பிய்ந்து இடியாப்பச் சிக்கலாகி, மஞ்சள்கரு தனியே அடியில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் தீயைக் குறைத்து வைத்தும் பாதிதான் தேறியது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கோழி அன்று காலை இட்ட முட்டை கிடைத்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புலப்பட்டது. நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி வெண்கரு நீர்த்துப்போகிறது. புது முட்டையில் அது மஞ்சள்கருவைச் சுற்றிக் கெட்டியாக நிற்கிறது. அப்படியும் ஓரத்தில் இருக்கும் நீர்த்த பகுதி போக, உடைத்த முட்டையை டீ வடிகட்டியில் ஊற்றி ஒரு ஆட்டு ஆட்டி வடித்துவிட்டேன். தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை, புளிப்பு இருந்தால் வெண்கரு சீக்கிரம் கட்டும். பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாகக் குமிழ் எழும், மேலே வந்து உடையாது. அந்தப் பதத்தில் தீயைக் குறைத்து, குழிக்கரண்டியில் முட்டையை எடுத்து, கரண்டியைத் தண்ணீருக்குள் இறக்கி மெல்லச் சாய்த்தேன்.

அடுத்து நடந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி இருந்த வெண்கரு ஓரத்திலிருந்து பால் நிறமாக மாறி, மேலே மடிந்து, மஞ்சள்கருவைத் தானே போர்த்திக்கொண்டது. மூன்றே நிமிடம். துளைக்கரண்டியில் எடுத்தால் உள்ளே எதையோ வைத்து முடிந்த சிறு மூட்டை மாதிரி ததும்பியது. வெண்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸிலேயே கட்டத் தொடங்கிவிடும், மஞ்சள்கரு இறுகுவதற்குச் சூடு 70 டிகிரியை ஒட்டி வர வேண்டும். இந்த இடைவெளியில்தான் அந்த மூட்டை உருவாகிறது.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இழையில் வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன்.

‘போச் முட்டை’ என்று ஒலிபெயர்ப்பாகவே விடலாம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடன் சொல்மேல் பகை கிடையாது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தப் பகை வரவே வராது. எங்கள் வீட்டில் இன்றும் மங்குக் கிண்ணம், மங்குத் தட்டு என்றுதான் சொல்வோம், மலாய் மொழியில் கிண்ணத்துக்கு மங்குக் என்று பெயர். முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் இன்றைக்கும் மங்கு என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வந்த சொல் வாயில் ஒட்டிக்கொண்டது, இருக்கட்டும். ஆனால் ‘போச்’ நம் காதில் ‘போச்சு’ என்றுதான் விழும். முட்டை போச்சு என்று கேட்டுவிட்டு யார் சாப்பிடுவார்கள்?

‘நீர்முட்டை’ என்றால் நீர்த்துக் கெட்டுப்போன முட்டை நினைவுக்கு வரும், கூமுட்டைக்குப் பக்கத்து வீடு அது. ‘வெந்நீர் முட்டை’ அவித்த முட்டைக்கும் பொருந்தும். ‘அரைவேக்காட்டு முட்டை’ என்ற பரிந்துரைக்கு முன்பே இடம் போய்விட்டது. நம் ஊர்க் கடைகளில் ‘ஆஃப்பாயில்’ என்பது கல்லில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வெந்த முட்டை, அதில் பாயிலே கிடையாது. மக்கள் அந்தச் சொல்லை எடுத்து வேறு பொருளில் வைத்துக்கொண்டார்கள், இனி பிடுங்க முடியாது.

என் மனத்துக்கு மிக நெருக்கமாக வந்தது ‘உடைத்தூற்றிய முட்டை’. எழுதிய சகோதரிக்கு நன்றி. எங்கள் அப்பத்தா வைத்த உடைச்சு ஊத்துன முட்டைக் குழம்பு அப்படியே கண்முன் வந்துவிட்டது. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் தீயைத் தணித்து, ஒவ்வொரு முட்டையாகச் சட்டியின் ஓரத்தில் உடைத்து இறக்கி மூடிவிடுவார். “முட்டை கட்டுற வரைக்கும் கரண்டி போடாதே” என்று எங்களை விரட்டுவார். பேத்தி சிட்னியில் சாப்பிட்டதும் அப்பத்தா குழம்பில் செய்ததும் ஒரே வேலைதான். ஆகவே இந்தச் சமையல்முறை நமக்குப் புதிதே இல்லை. அந்தப் பெயரில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: அது கையின் செயலைச் சொல்கிறது, தட்டில் வந்த பண்டத்தைச் சொல்லவில்லை. ஆஃப்பாயிலும் உடைத்து ஊற்றுவதுதான், கல்லில் கிளறி அரைவேக்காட்டில் எடுக்கும் கலக்கியும் உடைத்து ஊற்றுவதுதான்.

கலக்கி என்றதும் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்று சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் நாம் சொல் தேடி உழைத்திருக்கிறோம். எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பெயரில் உள்ள ‘மின்வேதியியல்’ எவ்வளவு கச்சிதமான சொல்! ஆட்டோக்காரர் அதன் ஆங்கிலச் சுருக்கமான சிக்ரி என்றுதான் சொல்வார், அது வேறு. ஆனால் கலக்கியை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கவில்லை. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்ற யாரோ, முட்டை கல்லில் எப்படி ஆகிறது என்று பார்த்துச் சொன்ன சொல். கரண்டி ஆம்லேட்டும் அப்படித்தான். நாமும் சட்டிக்குள் எட்டிப்பார்த்துப் பெயர் வைப்போம்.

என் பரிந்துரை: பொதிமுட்டை.

பொதி என்றால் மூட்டை, பொதிதல் என்றால் உள்ளே அடங்கியிருத்தல், மூடப்பட்டிருத்தல். வெண்கருவுக்குள் மஞ்சள்கரு பொதிந்த முட்டை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். பிரெஞ்சில் ‘போஷ்’ என்றால் பை. அந்த வேரிலிருந்துதான் இந்த ஆங்கிலச் சொல்லே வந்தது, வெண்கரு பை மாதிரி மூடிக்கொள்வதைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர். அகராதியைப் புரட்டும் முன்பே சட்டியில் நான் பார்த்ததும் மூட்டையைத்தான். இரண்டு ஊரிலும் கண் ஒன்றையே பார்த்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காரைக்குடியிலிருந்து

---

ஆச்சிக்கு வணக்கம்.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். சமையற்கலைப் பாடம் எடுக்கிறவன் என்பதால் இரண்டு சந்தேகம்.

ஒன்று, பாடத்தில் முட்டை மட்டும் இல்லை. மீன், கோழி நெஞ்சுக்கறி, பேரிக்காய் எல்லாவற்றையும் இந்த முறையில் வேகவைக்கச் சொல்லித் தருகிறோம். அங்கே எதுவும் எதையும் பொதிவதில்லை. பொதிமீன் என்று எழுதினால் பையன்கள் இலையில் சுற்றிய மீன் என்று நினைப்பார்கள். முறைக்குத் தனிச் சொல் வேண்டாமா? ‘இளநீரில் வேகவைத்தல்’ என்று ஒரு மாணவர் தேர்வில் எழுதிவிட்டார். இளஞ்சூட்டு நீரை நினைத்து எழுதியிருக்கிறார், படித்தால் தேங்காய் நினைவுக்கு வருகிறது. நான் வகுப்பில் ‘மெல்லவித்தல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். மெல்லவித்த மீன், மெல்லவித்த பேரிக்காய்.

இரண்டு, பொதிமுட்டை என்றால் உள்ளே மசாலா வைத்து அடைத்த முட்டை என்று தோன்றாதா?

---

தம்பிக்கு,

முதல் சந்தேகம் முழுக்க நியாயம். பண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் முறையை விட்டுவிட்டேன். மெல்லவித்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. முட்டையையும் அவிக்கிறோம், நெல்லையும் அவிக்கிறோம், இட்லியையும் அவிக்கிறோம், எல்லாருக்கும் தெரிந்த வேர். முன்னால் ‘மெல்’ வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. சித்த மருத்துவத்தில் சிறுதீ, நடுத்தீ, பெருந்தீ என்று தீயையே தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி எனப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் அடுப்படியில் ‘சிம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். உங்கள் சொல் அந்தக் குறையையும் கொஞ்சம் தீர்க்கும். ஆவியில் அவிப்பதோடு குழம்பாமலிருக்க, விளக்கத்தில் ‘கொதிநிலைக்குக் கீழுள்ள நீரில்’ என்று சேர்த்துவிடுவோம்.

இரண்டாவதில் நான் ஒத்துப்போகவில்லை. மசாலா வைப்பதை அடைத்தல், திணித்தல் என்கிறோம். எண்ணெய்க் கத்தரிக்காயில் மசாலாவை அடைக்கிறோம், யாரும் பொதிகிறோம் என்று சொல்வதில்லை. அடைப்பது நம் கை. பொதிவது தானாக நடப்பது, இந்த முட்டை தானாகத்தான் மூடிக்கொள்கிறது. இருந்தாலும் உங்கள் மாணவர்களிடம் சொல்லை மட்டும் கொடுத்து, என்ன தோன்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு மேல் மசாலா என்று சொன்னால் மறுபடி யோசிப்போம்.

குழுமத்தின் சொற்பட்டியலுக்கு நான் எழுதி வைத்திருக்கும் பதிவு இது:

மெல்லவித்தல் – கொதிநிலைக்குக் கீழுள்ள நீரிலோ பாலிலோ குழம்பிலோ பண்டத்தை அமிழ்த்தி மெல்ல வேகவைக்கும் முறை.

பொதிமுட்டை – ஓட்டை உடைத்து ஊற்றி, வெண்கரு மஞ்சள்கருவை மூடிக் கட்டும்படி மெல்லவித்த முட்டை. மஞ்சள்கரு இளகலாக இருக்கும். உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பில் உள்ளதும் இவ்வகையே, கூடுதல் நேரம் வேகவிட்டால் மஞ்சள்கரு இறுகும்.

கடைசி வரியை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். அவகாடோவைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கும் அந்த ஒரு வரியில் பொருள் விளங்கிவிடும்.

உணவகப் பட்டியலுக்குச் சொல் கேட்டு இழையைத் தொடங்கிய அன்பருக்கு: ‘வெண்ணெய்ப்பழ மசியல் ரொட்டி, பொதிமுட்டையுடன்’ என்று அச்சிடலாம். வாட்டிய என்பது அங்கே வேண்டியதில்லை, இடம் அடைக்கும். திருத்தம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து